பலகையின் முதுகில் ஒரு காலியிடம்

யார் கைபேசியை நீட்டினாலும் யிங் அக்கா முதலில் ஆளைப் பார்ப்பதில்லை. கைபேசியை வாங்கி, குழல்விளக்குக்கு நேரே சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொள்வார். "உள்ள மூணு தூசி. வலது மூலையில ஒரு முடி, பூனை முடி. யாரு ஒட்டினது இத? ஒட்டினானா, இல்ல மாவு பிசைஞ்சானா?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்தவருக்கு வணக்கம் சொல்வார்.

சியாயி ரயில் நிலையத்துக்கு எதிர்வரிசையில், வான்கோழிச் சோற்றுக் கடைக்கும் யாவ்-டிங்கின் தேநீர்க் கடைக்கும் நடுவே ஆறடி அகலத்தில் ஒரு கடை. அங்கே உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாக அவர் கைபேசித் திரைகளுக்கு பிலிம் ஒட்டிக்கொண்டிருக்கிறார். முழுப் பெயர் லியாவ் சுன்-யிங். வயது ஐம்பத்தாறு. முழுப் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் அது வரித்துறையாக இருக்கும் என்று நினைத்து யாவ்-டிங் "அவங்க ஊர்ல இல்லியே" என்று சொல்லிவிடுவார்.

வேலை செய்யும்போது அந்தக் கைகளை வேடிக்கை பார்க்கலாம். ஸ்பிரிட்டில் நனைத்த துடைதாளின் பொட்டலத்தைப் பல்லால் கிழிப்பது, துடைப்பது, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது, ஒட்டுவது எல்லாம் அவரைக் கேட்காமலே நடக்கும். வாய் யாவ்-டிங்கோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். கண் தெருவில் போகும் ஸ்கூட்டரின் மேல் இருக்கும். கை தன் பாட்டுக்கு முடித்துவிட்டு, "ஆச்சு, அடுத்தவங்க" என்று சொல்ல வாயையும் இழுத்துக்கொள்ளும்.

கடையில் ஓர் அட்டை தொங்குகிறது. 'நான் ஒட்டியதில் குமிழி வந்தால் மறுபடி ஒட்டித் தருவேன். நீங்களே உரித்தால் நான் பொறுப்பில்லை.' இதில் தயவு தாட்சண்யம் கிடையாது. பக்கத்துக் காவல் நிலைய அதிகாரி ஒருமுறை நகத்தால் நோண்டி உரித்துவிட்டு வந்து, சும்மா நோண்டலை அக்கா, அரித்தது என்றார். அக்கா அட்டையைக் காட்டினார். அதிகாரி சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் புதுசு வாங்கிக்கொண்டு போனார்.

இத்தனை வருடம் தூசி பார்த்துப் பார்த்து அக்காவின் கண் ஒரு விசித்திரமான நிலைக்கு வந்திருக்கிறது. பிலிமுக்கு அடியில் சிக்கிய துகள் தெரியும். அச்சுப் புத்தகத்தின் எழுத்து தெரியாது. அதனால் அவர் படிப்பதெல்லாம் மின்நூல்தான். சின்சூவில் வேலை பார்க்கும் மகள் ஒன்பது வருடம் முன்பு வாங்கித் தந்த கருவி. அக்கா அதைப் 'பலகை' என்பார். எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி, ஒரு திரைக்கு ஏழு வரி என்று வைத்திருக்கிறார். பக்கத்துக் கடையில் பாலைக் கலக்கிக்கொண்டே யாவ்-டிங்கும் சேர்ந்து படிக்கலாம். படிக்கவும் செய்கிறார். "அக்கா, தள்ளு, நான் முடிச்சிட்டேன்" என்று குரல் கொடுப்பார்.

"இரு, எனக்கு இன்னும் ரெண்டு வரி இருக்கு."

"ரெண்டு வரியில ஒண்ணும் நடக்கல. அவன் செத்தாச்சு. தள்ளு."

நடுநிலைப் பள்ளியோடு படிப்பை நிறுத்தி நூல் ஆலைக்குப் போனவர் அக்கா. நாற்பத்தேழு வயது வரைக்கும் ஒரு புத்தகத்தைக்கூட முதலிலிருந்து கடைசி வரை படித்ததில்லை. பலகையில் முதன்முதலாக முடித்தது யான் க்வோ-ஜென் எழுதிய துப்பறியும் நாவல். கீலுங் துறைமுகத்தில் சுங்க அதிகாரி துவான் என்பவர் கொலைகளைத் துப்புத் துலக்குகிற கதை. கடைசித் திரையின் கீழே நூறு சதவீதம் என்று வந்ததும் அக்கா பலகையோடு தெருவில் இறங்கி, சோற்றுக் கடைக்காரரிடம், யாவ்-டிங்கிடம், பேருந்துக்கு நின்றவர்களிடம் அந்த நூறைக் காட்டினார். ஏதோ பரீட்சை மதிப்பெண் என்று நினைத்துப் பேருந்துக்கு நின்ற ஒருவர் வாழ்த்தும் சொன்னார். அதன் பிறகு யான் எழுதிய ஒன்பது நாவல்களிலும் நூறு. மற்றவர்கள் எழுதியதிலும் நூறு. தொண்ணூற்றெட்டில் நிறுத்துகிறவர்களை அக்காவுக்குப் பிடிக்காது.

கையெழுத்துப் பித்து யாவ்-டிங்கால் வந்தது. ஒருநாள் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அவர் வம்பிழுத்தார். "அது புத்தகமே இல்ல அக்கா. நீ காத்த வாங்கி வச்சிருக்கே. கம்பெனிக்காரன் நாளைக்கு ஒரு பொத்தான அமுக்கினா அத்தனையும் போச்சு. என்னோடதுன்னு சொல்லிக்க உன்கிட்ட என்ன இருக்கு?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. எழுதினவரிடமே எழுதி வாங்கிவிட்டால் யார் பொத்தானை அமுக்கினாலும் அது அழியாதே என்று தோன்றியது. ஆனால் மின்நூலில் எங்கே கையெழுத்து வாங்குவது? முதலில் ஒரு கவிஞரிடம் உள்ளங்கையை நீட்டினார். அதைப் படம் பிடித்து வைப்பதற்குள் மூன்று கைபேசி ஒட்டவேண்டி வந்து, கவிஞர் வியர்வையில் கரைந்தார். சமையல் நூல் எழுதும் ஓர் அம்மாள் திரையிலேயே விரலால் கிறுக்கித் தந்தார். பார்க்கச் சுருண்ட சேமியா மாதிரி இருந்தது. அடுத்த வாரம் பலகை தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டபோது அதுவும் காணாமல் போனது.

பிறகுதான் தன் தொழில் ஞாபகம் வந்தது. பலகையின் முதுகில் சொரசொரப்பான வெள்ளை பிலிம் ஒன்றை ஒட்டினார். தண்ணீருக்கு அழியாத மையுள்ள மார்க்கர் பேனா ஒன்று வாங்கினார். கையெழுத்து காய்ந்ததும் அதன் மேல் கண்ணாடி போன்ற இன்னொரு பிலிமை ஒட்டிப் பாதுகாத்தார். ஆறு வருடத்தில் பதினொரு எழுத்தாளர்கள் அந்த முதுகில் ஏறிவிட்டார்கள். எல்லாருக்கும் ஓரத்தில்தான் இடம். நடுவில் மட்டும், முகவரி அட்டை அளவில், மேலே ஒட்டிய பிலிமைச் சதுரமாக வெட்டி எடுத்து, காலியாக விட்டிருந்தார். விருதெல்லாம் வாங்கிய ஒரு பெரிய நாவலாசிரியர் அந்த இடத்தில் பேனாவை வைக்கப்போனபோது அக்கா அவர் கையைப் பிடித்து ஓரத்துக்கு நகர்த்தினார். "அது ரிசர்வ் சார்."

ரிசர்வ் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

சென்ற மாதம் செய்தி வந்தது. யான் சாருக்கு எழுபத்தெட்டு வயது. மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் தைனானில் ஒரு புத்தகக் கடையில் கையெழுத்துப் போடுகிறார், அதோடு சரி, இனி எங்கும் போடமாட்டார். அக்கா அந்தச் செய்தியைப் பெரிதாக்கி மூன்று தடவை படித்தார். புயல் விடுமுறைக்கும் புத்தாண்டுக்கும் மட்டும் மூடுகிற கடையில் ஞாயிற்றுக்கிழமை 'இன்று இல்லை' என்று அட்டை தொங்கியது. யாவ்-டிங்கும் தன் கடையை மனைவியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார். துணைக்கு என்று சொன்னார். வேடிக்கை பார்க்க என்பது அக்காவுக்குத் தெரியும்.

அக்கா கையில் வேலைப் பெட்டி இருந்தது. அது இல்லாமல் அவர் கல்யாண வீட்டுக்குக்கூடப் போவதில்லை. ரயிலில் ஒரு மணி நேரமும் உதட்டை அசைத்து ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்: 'சார், நான் வாழ்க்கையில முழுசாப் படிச்ச முதல் புத்தகம் உங்களோடது.'

"நல்லா இருக்கு. ஆனா அவரு மெஷின்ல கையெழுத்துப் போட மாட்டாரு" என்றார் யாவ்-டிங். "பேப்பர்ல எழுதியிருந்தாரே, விளக்கு வெளிச்சத்தப் படிக்கறதெல்லாம் ஒரு படிப்பான்னு."

"வாயில நல்லதே வராதா உனக்கு?"

புத்தகக் கடை வாசலில் விதிகள் ஒட்டியிருந்தன. இங்கே வாங்கிய அச்சுப் புத்தகத்தில் மட்டும். ஒரு சீட்டுக்கு ஒரு கையெழுத்து. அக்கா ஒரு அச்சுப் புத்தகம் வாங்கி, எண் சீட்டைப் பெற்றுக்கொண்டு, புத்தகத்தை யாவ்-டிங்கின் கையில் திணித்தார். எண் நூற்று முப்பத்தாறு. இரண்டு மணி நேரம் நின்று மேசைக்கு வந்ததும், புத்தகத்துக்குப் பதிலாகப் பலகையைக் கவிழ்த்து வைத்தார்.

பச்சை மேலங்கி போட்ட கடைப் பெண் குறுக்கே கையை நீட்டினாள். "மேடம், அச்சுப் புத்தகத்துல மட்டும்தான்."

"வாங்கிட்டேன்மா. அதோ, அவன் கையில இருக்கு. நான் படிச்சது இதுல."

"ரூல்ஸ் மேடம்."

யான் சார் தலையைத் தூக்கவில்லை. "மெஷினா? அதுல என் புத்தகம் இருக்கறதே எனக்குப் பிடிக்கல. அதுல எந்தப் பக்கத்துலம்மா நான் போடறது?"

ஒரு மணி நேரம் மனப்பாடம் செய்த வாக்கியம் வரவில்லை. அதைத் தள்ளிவிட்டு வெளியே வந்தது கடைக் குரல். "சார், உங்க அஞ்சாவது கதைக்குள்ள ஒரு தூசி இருக்கு."

பெரியவர் தலை நிமிர்ந்தது. "என்ன இருக்கு?"

"படகோட்டிக்கு சுண்டுவிரல் வெட்டுப்பட்டுப் போகுதில்ல? முப்பத்தெட்டுல இடது கை. அறுபத்தொண்ணுல வலது கை."

"முப்பத்தெட்டுன்னா?"

"முப்பத்தெட்டு சதவீதம் சார். இதுல பக்கம் கிடையாது."

யான் சார் பேனாவைக் கீழே வைத்தார். பின்னால் நின்ற வரிசை எட்டிப் பார்த்தது. "அந்தக் கதை வந்து இருபது வருஷம் ஆச்சு. எத்தனையோ பதிப்பு. ஒருத்தரும் சொன்னதில்ல" என்றார். பிறகு கொஞ்சம் கவலையோடு, "எந்தக் கைம்மா சரி?" என்று கேட்டார்.

"அத நீங்கதான் சார் சொல்லணும். வெட்டினது நீங்க."

பெரியவர் சிரித்த சிரிப்பில் கடைப் பெண் கையை எடுத்துக்கொண்டாள். அவர் பலகையை அருகே இழுத்து, ஓரங்களில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பதினொரு பேரையும் படித்தார். பாதிப் பேர் அவருக்கு வேண்டாதவர்கள் என்பது முகத்தில் தெரிந்தது. "நடு இடம் யாருக்கு?"

"ஆறு வருஷமா காலியா இருக்கு சார்" என்று மட்டும் அக்காவால் சொல்ல முடிந்தது.

அவருடைய மைப்பேனா பிலிமில் எழுதாது. அக்கா மார்க்கரைத் திறந்து கொடுத்தார். பெரியவர் இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மெல்ல, ஒவ்வொரு கோடாக, தன் பெயரை அந்தக் காலியிடம் நிறைய எழுதினார். மார்க்கரை மூடித் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பலகையை இரண்டு கைகளாலும் அக்காவிடம் நீட்டினார்.

இந்த இடத்தில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரு மேசைக்கு எதிர்ப்புறத்திலிருந்து ஒரு கருவியை யாராவது நீட்டினால் அந்தக் கைகள் செய்வது ஒன்றுதான். அக்காவின் கண் யான் சாரின் முகத்தில் இருந்தது. மனம் அந்த வாக்கியத்தை இப்போதாவது சொல்லிவிடலாமா என்று தவித்தது. கை பெட்டியைத் திறந்து, ஸ்பிரிட் தாளைப் பல்லில் கிழித்து, பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு இழுப்பு இழுத்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தது.

"ஆச்சு, அடுத்தவங்க" என்றார் அக்கா.

பளிச்சென்று இருந்தது. ஒரு கோடு மிச்சமில்லை. ஓரத்துப் பதினொரு பேரும் மேல் பிலிமுக்கு அடியில் பத்திரமாக இருந்தார்கள். நடுவில் யாரும் இல்லை.

"அக்கா," என்றார் யாவ்-டிங், "என்ன காரியம் பண்ணினே?"

அடுத்தவங்க என்று கூப்பிட்டதால் நூற்று முப்பத்தேழாம் எண்காரர் ஏற்கெனவே வந்து புத்தகத்தை விரித்துவிட்டார். யான் சார் அதன் மேல் குனிந்துவிட்டார். அவர் எதையும் பார்க்கவில்லை. வரிசை அக்காவை மெல்ல ஓரத்துக்கு ஒதுக்கியது.

கடை வாசல் படியில் அக்கா உட்கார்ந்தார். அழுதிருந்தால் தேவலை. பலகையை மடியில் கவிழ்த்து வைத்து, அந்த வெள்ளைச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனது விட்டுப்போயிருந்தது. வம்பிழுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாவ்-டிங்குக்கு இந்த ஜென்மத்தில் வராது. ஆனால் அவர் பக்கத்துக் கடையில் தேநீர் வாங்கிவந்து கொடுத்துவிட்டு, இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார்.

"திரும்பப் போய்க் கேளு அக்கா. மனுஷன் நல்ல மாதிரிதான் தெரியறாரு."

"ஒரு சீட்டுக்கு ஒண்ணு. எனக்குப் போட்டாச்சு."

"அழிஞ்சு போச்சுன்னு சொல்லேன்."

"அழிஞ்சு போகல. நான் அழிச்சேன். நானே உரிச்சா யாரு பொறுப்பு?" என்றார் அக்கா. "போலீஸ்காரனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?"

யாவ்-டிங் உறிஞ்சுகுழலைக் கடித்தார். பிறகு சொன்னார்: "ஆனா உன் பேனா அவரு பையில இருக்கு."

அக்கா நிமிர்ந்தார். "என் பேனாதான?"

"உன் பேனாதான். கையெழுத்துக் கேக்கப்போறியா நீ? பேனா கேக்கப்போறே. அதுக்கு எங்க ரூல்ஸ் இருக்கு?"

கடைசி ஆள் போன பிறகு இருவரும் உள்ளே போனார்கள். மாலை ஐந்து மணி. யான் சார் நாற்காலியில் சாய்ந்து, மணிக்கட்டை நீவிக்கொண்டிருந்தார். இருநூற்றுச் சொச்சம் புத்தகத்தில் எழுதிய களைப்பில் கண் பாதி மூடியிருந்தது. அக்கா பேனா என்று சொல்ல வாயைத் திறந்தவர், மேசையில் கிடந்த அவருடைய கைபேசியைப் பார்த்துவிட்டார். பிலிம் குறுக்கே கிழிந்திருந்தது. ஏழு குமிழி. ஓரமெல்லாம் கறுப்பாக அழுக்கு. ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது.

"சார், இதுலயா நீங்க பேசறீங்க?"

"ஏன், கேக்குதே."

"அஞ்சு நிமிஷம் குடுங்க சார்."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பழையதை ஒரே இழுப்பில் உரித்து, துடைத்து, தூசி ஒற்றி எடுத்து, பெட்டியிலிருந்த பிலிம்களில் பொருந்துவதைத் தேர்ந்து ஒட்டி, விளக்கில் பார்த்தார். பார்த்துவிட்டு, பெரியவர் என்ற மரியாதைக்கு, இரண்டு கைகளாலும் பிடித்துக் குனிந்து நீட்டினார்.

மதியத்திலிருந்து அந்த மேசைக்கு முன்னால் இருநூற்றுச் சொச்சம் பேர் இப்படித்தான் இரண்டு கைகளாலும் எதையோ நீட்டியிருக்கிறார்கள். யான் சார் வாங்கினார். சட்டைப் பையிலிருந்து மார்க்கரை எடுத்தார்.

"பேரு?"

"சுன்-யிங் சார்" என்றார் அக்கா, பேர் கேட்டதும் தன்னையறியாமல்.

"எந்த யிங்? அந்தச் சத்தத்துக்கு எழுத்து நிறைய இருக்கே."

"செர்ரிப்பூ யிங்."

மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தபடி யான் சார் 'சுன்-யிங்குக்கு' என்று எழுதி, கீழே தன் பெயரை எழுதி, தேதியும் போட்டார். மார்க்கரை மூடப்போன நேரத்தில் அவர் கையெழுத்துக்கு அடியிலிருந்து வெளிச்சம் வந்தது. மணி அடித்தது. திரையில் அவர் மனைவியின் பெயர்.

பெரியவர் கையிலிருந்ததை அப்போதுதான் பார்த்தார். "இது என் போனில்ல?"

"தொடாதீங்க!" என்று அக்கா போட்ட சத்தத்தில் கடைப் பெண் ஓடிவந்தாள். "தொடாதீங்க சார், மை காயல!"

"வீட்டம்மா கூப்பிடறா."

"காயட்டும் சார், ஒரே நிமிஷம்."

மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அக்கா கைபேசிக்கு மேல் குனிந்து வாயால் ஊதிக்கொண்டிருந்தார். யாவ்-டிங் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். மூன்றாம் முறை அடித்து ஓய்ந்ததும் யான் சார், "இப்ப வீட்டுக்குப் போனா எனக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவரும் சேர்ந்து ஊதினார்.

மை காய்ந்தது. அக்கா நகத்தால் ஒரு மூலையைத் தூக்கினார். கையெழுத்தோடு பிலிம் முழுசாக எழுந்து வந்தது. பெயர் இருந்த பகுதியைச் சதுரமாகக் கத்தியால் நறுக்கி, பலகையின் நடுவில் வைத்துக் கட்டைவிரலால் ஒரே தேய்ப்பு. காலியிடம் நிறைந்தது. ஓரத்துப் பதினொரு பேரும் அக்காவின் பெயரை எழுதித் தரவில்லை. நடுவில் இருந்தவர் எழுதியிருந்தார்.

"வச்சுக்க. என் கையில குடுக்காத, நான் கேட்டாலும் குடுக்காத" என்று பலகையை யாவ்-டிங்கிடம் தள்ளிவிட்டு, அக்கா மறுபடி கைபேசியை எடுத்தார்.

"அதான் கையெழுத்த ஒட்டியாச்சேம்மா," என்றார் யான் சார்.

"உரிச்சது நான்தான சார். மறுபடி ஒட்டறது என் பொறுப்பு."

துடைத்தார். ஒற்றினார். ஒட்டினார். வெளிச்சத்தில் பார்த்தார். அப்படியே கைபேசியைப் பார்த்தபடி, "சார், நான் முழுசாப் படிச்ச முதல் புத்தகம் உங்களோடது" என்றார். யான் சார் அவரை நிமிர்ந்து பார்த்தார். மார்க்கரைத் திருப்பிக் கொடுத்தார்.

யாவ்-டிங் பலகையோடு அருகில் வந்தார். அக்கா அதைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து, அடியிலிருந்ததையும் விடாமல், ஸ்பிரிட் தாள் பொட்டலங்கள் அத்தனையையும் அள்ளி யான் சாரின் மடியில் கொட்டினார். அதன் பிறகுதான் பலகைக்குக் கையை நீட்டினார்.